சீர் ஃபிரிட்ஜ்: கடைக்கார அண்ணனிடமா, மகன் சொல்லும் ஆன்லைனிலா?

கேள்வி: மேடம், பள்ளிகொண்டா பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். தையல் வேலை. தை மாதம் மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீடு ஆரணி. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், பீரோ, கட்டில், பாத்திரம் எல்லாம் வாங்க வேண்டும். பெங்களூரில் வேலை செய்யும் மகன், ஆன்லைனில் போட்டால் ஃபிரிட்ஜ் 26,000க்கு வந்துவிடும், 3,400 ரூபாய் மிச்சம் என்கிறான். ஆனால் குடியாத்தத்தில் ஒரு கடைக்கார அண்ணன் 15 வருஷமாக எங்களுக்குத் தவணையில் பொருள் தருகிறார். வட்டி கிடையாது, நோட்டில் எழுதிக்கொள்வதோடு சரி. என் வீட்டுக்காரர் இறந்தபோது 4 மாதம் தவணையே கேட்கவில்லை. அவரை விட்டுவிட்டு வேறு இடத்தில் வாங்கினால் அவர் முகத்தில் எப்படி முழிப்பேன்? ஆனால் போன வருஷம் அவர் கொடுத்த மிக்ஸி 2 மாதத்தில் மோட்டார் போய்விட்டது. கேட்டதற்கு "கம்பெனிக்காரனைக் கேளும்மா" என்று சொல்லிவிட்டார். பில்லும் இல்லை, துண்டுச்சீட்டு தான். கையில் முழுப் பணமும் இல்லை. நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: அக்கா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். விலை எழுதியிருக்கிறீர்கள், கடைக்காரர் செய்த உதவியை எழுதியிருக்கிறீர்கள், மிக்ஸி கதையையும் எழுதியிருக்கிறீர்கள். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு, உங்கள் மகனும் அதை யோசித்திருக்க மாட்டார். ஃபிரிட்ஜ் பெட்டியை என்றைக்குப் பிரிப்பீர்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், நம் பக்கத்தில் சீர்ப் பொருளை யாரும் வாங்கிய அன்றே பிரிப்பதில்லை. ஐப்பசி கார்த்திகையில் ஆஃபர் பார்த்து வாங்கி, வீட்டில் ஒரு மூலையில் அட்டைப்பெட்டியோடு நிறுத்தி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவோம். கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளை வீட்டுக்குக் குட்டியானையில் ஏற்றி அனுப்பி, அங்கே ஒரு நல்ல நாள் பார்த்துத்தான் பெட்டியைப் பிரிப்பார்கள். நடுவில் 2 மாதமாவது ஓடியிருக்கும். ஆன்லைனில் பெரிய பொருளை மாற்றித் தரும் கெடு பெரும்பாலும் 7 நாள் அல்லது 10 நாள், அதுவும் வீட்டு வாசலில் இறக்கிய நாளிலிருந்து கணக்கு. பெட்டிக்குள் கதவு நசுங்கியிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது, தெரியும்போது கெடு முடிந்திருக்கும். வாரண்டியும் பில் தேதியிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும், மகள் ஒரு நாள் கூட அதில் தண்ணீர் வைத்துக் குடிக்காமலேயே 2 மாதம் கரைந்துவிடும்.

நான் வேலூரில் வக்கீல், நுகர்வோர் வழக்குகள் தான் அதிகம் பார்க்கிறேன். இதே மாதிரி ஒரு குடும்பம் என்னிடம் வந்தது, சத்துவாச்சாரிக்காரர்கள். வாஷிங் மெஷின் ஆன்லைனில் வந்தது, ஓடிபி சொன்னால் தான் இறக்குவேன் என்று டெலிவரி பையன் சொல்ல, இவர்களும் சொல்லிவிட்டார்கள். கல்யாண வேலை, பெட்டி அப்படியே கிடந்தது. பிரித்தபோது பக்கவாட்டுத் தகடு உள்ளே போயிருந்தது, டிரம் சுற்றும்போது தட்டுகிற சத்தம். கம்பெனி சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு இது போக்குவரத்துச் சேதம், வாரண்டியில் வராது என்றார். விற்றவரோ பொருள் நல்ல நிலையில் பெறப்பட்டது என்று ஓடிபியைக் காட்டினார். பொய் சொல்லவில்லை யாரும். ஆனாலும் அந்தக் குடும்பம் நடுவில் மாட்டிக்கொண்டது, கடைசியில் சமரசம் பேசி முடிக்க பல மாதம் ஆனது. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் விலையில் ஆரம்பிக்கவில்லை, அந்தப் பெட்டியில் ஆரம்பிக்கிறது.

சரி, இப்போது அந்த 3,400 ரூபாய்க்கு வருவோம். மகனிடம் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள். ஆன்லைனில் காட்டும் விலையில் சில சமயம் பழைய ஃபிரிட்ஜ் கொடுத்தால் கிடைக்கும் கழிவைச் சேர்த்திருப்பார்கள், உங்களிடம் கொடுக்கப் பழைய ஃபிரிட்ஜ் இருக்கிறதா? இன்னொரு பகுதி ஏதாவது ஒரு வங்கியின் கிரெடிட் கார்டுக்கு மட்டும் தரும் தள்ளுபடியாக இருக்கும், அந்தக் கார்டு மகனிடம் இருக்க வேண்டும். நோ காஸ்ட் இஎம்ஐ என்று போட்டிருந்தால் வட்டி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வட்டி உண்டு, அதே அளவு தொகையை முதலிலேயே விலையில் குறைத்துக் காட்டுகிறார்கள், அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி தனியாகக் கார்டு பில்லில் வரும். "எம்ஆர்பியில் 40 சதவீதம் தள்ளுபடி" என்பதை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன். குடியாத்தம் கடையிலும் யாரும் ஃபிரிட்ஜை எம்ஆர்பிக்கு விற்பதில்லை. கையை விட்டுப் போகும் கடைசித் தொகை இரண்டு இடத்திலும் எவ்வளவு, அதை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மாடல் நம்பரையும் கடைசி எழுத்து வரை பாருங்கள், ஒரு எழுத்து மாறினால் அது வேறு ஃபிரிட்ஜ், வேறு விலை. கடையில் என்றால் ஸ்டார் ஸ்டிக்கரில் எந்தக் காலத்துக்கான ஸ்டார் என்று போட்டிருப்பதையும் பாருங்கள், ஸ்டார் அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள், பழைய ஸ்டாக்கின் 5 ஸ்டாரும் புதியதின் 5 ஸ்டாரும் ஒன்றல்ல.

கடைக்கார அண்ணன் தரும் தவணைக்கும் ஒரு விலை உண்டு, அதை நீங்கள் போட்டுப் பார்க்கவில்லை. அந்த 26,000 ரூபாயை யாரிடமாவது மூணு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு, கைமாற்று வாங்கி, மாதம் 2,600 வீதம் 10 மாதத்தில் அடைக்கிறீர்கள் என்று வையுங்கள். வட்டி மட்டும் 4,290 ரூபாய் ஆகும். மகன் சொல்லும் மிச்சத்தை விட அது 890 ரூபாய் கூடுதல். அதனால் கடன் வாங்கி ஆன்லைனில் போடுவதாக இருந்தால் அது லாபமே இல்லை. மகன் தன் சம்பளத்தில் முழுத்தொகை கட்டுகிறார், உங்களிடம் திருப்பிக் கேட்கவும் மாட்டார் என்றால் கணக்கு வேறு. அப்புறம், கடைக்காரரிடமும் ரொக்கத்துக்கு என்ன விலை, தவணைக்கு என்ன விலை என்று தனித்தனியாகக் கேளுங்கள். வட்டி இல்லை என்று சொல்லும் தவணையில் விலையே கொஞ்சம் ஏறியிருக்கலாம், அது தப்பும் இல்லை, ஆனால் தெரிந்து கொடுக்க வேண்டும்.

மிக்ஸி விஷயத்தில் எனக்குக் கோபம் வந்தது, உண்மையாகவே. ஆனால் அவர் மேல் மட்டும் இல்லை, அந்தத் துண்டுச்சீட்டு மேல். 15 வருஷப் பழக்கம், பில் எதற்கு என்று நீங்களும் விட்டுவிட்டீர்கள், அவரும் விட்டுவிட்டார். கம்பெனி வாரண்டி பில்லைப் பார்த்துத்தான் ஓடும். பில் இல்லாத மிக்ஸியை அவர் கம்பெனிக்கு அனுப்பியிருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பார்கள், "கம்பெனிக்காரனைக் கேளும்மா" என்று அவர் சொன்னதற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிகம் தான், பில்லில் கெடு எதுவும் எழுதவில்லை என்றால் 30 நாள். "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று சில கடைகளில் பில்லின் அடியில் அச்சடித்திருப்பார்கள், புடவை நிறம் பிடிக்கவில்லை என்று போனால் அந்த வரியைக் காட்டலாம், ஓடாத மிக்ஸிக்கு அதைக் காட்ட முடியாது. பில் வேண்டாம் என்றால் 500 குறைக்கிறேன் என்று யார் சொன்னாலும், எவ்வளவு நெருங்கியவர் சொன்னாலும், ஒத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. அந்த 500 ரூபாய்க்கு நீங்கள் விற்பது உங்கள் உரிமையை.

இங்கே ஆன்லைனுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பில் கேட்காமலே வரும், ஆர்டர் நம்பர் இருக்கும், எந்தத் தேதியில் என்ன பேசினீர்கள் என்பது எழுத்தில் இருக்கும். கணவர் இல்லாத ஒரு பெண், கடையில் நின்று ஆண்களோடு வாக்குவாதம் செய்யத் தயங்குபவர், போனில் இரண்டு பொத்தானை அழுத்தி ஒரு குக்கரைத் திருப்பி அனுப்ப முடிவது சின்ன விஷயம் இல்லை. 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி அவர்கள் ஒரு குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பையும் தளத்தில் போட வேண்டும், புகார் வந்த 48 மணி நேரத்தில் வந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், 1 மாதத்தில் தீர்க்க வேண்டும். முன்பெல்லாம் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ பிரச்சினை நடந்த ஊரிலோ தான் வழக்குப் போட வேண்டும் என்று அலைவார்கள், இப்போது புகார் தருபவர் வசிக்கும் ஊரிலேயே போடலாம், பெங்களூர் கம்பெனியாக இருந்தாலும் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் கட்டணமே கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. நானே சட்டப் புத்தகங்களை ஆன்லைனில் தான் வாங்குகிறேன், அதற்காகச் சென்னை வரை போய்வந்த காலம் இருக்கிறது. உள்ளூரில் கிடைக்காத பொருளுக்கு ஆன்லைன் பெரிய வரம், ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் இருப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் உங்கள் பட்டியலை எடுத்தால், பாதிப் பொருளுக்கு இந்த யோசனையே வேண்டாம். பீரோவை உள்ளூரிலேயே வாங்குங்கள், தகடு எத்தனை கேஜ் என்று கேளுங்கள், நம்பர் குறையக் குறையத் தகடு கனம், 22ஐ விட 20 கனமானது, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், லாக்கர் சாவியை நாலு தடவை திருப்புங்கள். கட்டிலும் அப்படித்தான், படத்தில் தேக்கு மாதிரி தெரிவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாக இருக்கும், எழுத்தைக் கூர்ந்து படித்தால் போட்டிருப்பார்கள், யார் படிக்கிறார்கள். எவர்சில்வரும் பித்தளையும் எடை போட்டு வாங்குகிற பொருள், வீட்டில் பழைய அண்டா குண்டா இருந்தால் போட்டுவிட்டுப் புதிது எடுக்கலாம், வேலூர் லாங்கு பஜாரில் ஒரு நாள் காலையில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். கிரைண்டர் கல் கனம், தூக்கிப் போட்டால் விளிம்பு தெறிக்கும், அதுவும் கடையில் ஓட்டிப் பார்த்து எடுங்கள்.

மிச்சம் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும். இதில் நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று, கடையில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பழுது பார்க்க வருவது அதே கம்பெனியின் அதே சர்வீஸ் ஆள் தான். கடைக்காரர் வந்து ஃபிரிட்ஜைப் பிரித்து மாட்டப் போவதில்லை. மெஷினில் 10 வருஷ வாரண்டி என்று பெரிதாகப் போட்டிருப்பதும் ஃபிரிட்ஜில் கம்ப்ரஸருக்கும், வாஷிங் மெஷினில் மோட்டாருக்கும் மட்டும், மற்றதற்குப் பெரும்பாலும் 1 வருஷம், அதுவும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே வருகிறது என்றால் சர்வீஸ் ஆள் வராதபோது. சித்திரை வெயிலில் ஃபிரிட்ஜ் நின்றுபோய் 6 நாள் ஆகியும் யாரும் வரவில்லை என்றால், மாதம் 50 ஃபிரிட்ஜ் விற்கும் கடைக்காரர் ஒரு போன் போடுவதற்கும், ஆரணியில் இருந்து உங்கள் மகள் கஸ்டமர் கேரில் 1ஐ அழுத்து 2ஐ அழுத்து என்று நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்த ஒரு போன் தான் உள்ளூர்க் கடையில் நீங்கள் கூடுதலாகக் கொடுத்து வாங்குவது. அவர் அந்தப் போனைப் போடுவாரா? மிக்ஸிக்குப் போடவில்லையே. அதனால் தான் இதை நேரில் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும் என்கிறேன்.

கடைக்குக் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள், மகனையும் லீவு போட்டு வரச் சொல்லுங்கள். "அண்ணே, பொண்ணுக்குக் கல்யாணம், மொத்தச் சாமானும் உங்ககிட்டயே எடுக்கணும்னு ஆசை, ஆனா இந்த மாடல் ஆன்லைன்ல 26,000 வருது, நீங்க எவ்வளவுக்குத் தருவீங்க?" என்று போனைக் காட்டியே கேளுங்கள். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. அவர் தினமும் கேட்கும் கேள்வி தான் இது, அவருக்கும் கம்பெனி தரும் சலுகைகள் உண்டு, ஐந்தாறு பொருள் ஒரே கையில் போகிறது என்றால் கொஞ்சம் இறங்குவார். முழு 3,400ம் இறங்க மாட்டார், அவருக்குக் கடை வாடகை இருக்கிறது, வேலையாட்கள் இருக்கிறார்கள், உங்கள் ஊர்ப் பையன்களாகக் கூட இருப்பார்கள். விலையை விட முக்கியமாக மூன்று வாக்கு வாங்குங்கள். இப்போது முன்பணம் மட்டும், பொருள் கல்யாணம் முடிந்து நாங்கள் சொல்லும் தேதியில் நேராக ஆரணிக்கு இறங்க வேண்டும், பில் அந்தத் தேதியில் போட வேண்டும். இறக்கியதும் பிரித்துக் காட்டி, அடிபட்டிருந்தால் அவரே எடுத்துக்கொண்டு வேறு தர வேண்டும். ஜிஎஸ்டி நம்பரோடு முழு பில், மாடல் நம்பர், சீரியல் நம்பர் எழுதி. இந்த முதல் இரண்டையும் முன்பணம் கட்டும் ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இதற்கு அவர் சரி என்றால், 1,500 ரூபாய் கூட இருந்தாலும் அவரிடமே வாங்குங்கள், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன். பில் தர மாட்டேன், தேதி சொல்ல முடியாது என்றால், பீரோவும் கட்டிலும் கிரைண்டரும் அவரிடம் எடுத்துக்கொண்டு, ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் மட்டும் ஆன்லைனில் போடுங்கள். வீட்டுக்காரர் போன சமயத்தில் அவர் 4 மாதம் காத்திருந்தது பெரிய மனசு, அதை நீங்கள் மறக்கவில்லை என்பதே உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி. அந்த நன்றிக்குக் கல்யாணப் பத்திரிகையை முதல் ஆளாக அவர் கையில் கொடுங்கள், பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுங்கள். மகள் வீட்டு ஃபிரிட்ஜைப் பில் இல்லாமல் வாங்கி அந்த நன்றியைத் தீர்க்க வேண்டாம். 15 வருஷமாக அவரிடம் தவணை கட்டி வருபவர் நீங்கள், அவருக்கு நீங்களும் தான் நல்ல வாடிக்கையாளர்.

ஆன்லைனில் போடுவதாக முடிவானால், கல்யாணத்துக்கு முன்பு போடாதீர்கள். மகள் ஆரணிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த முகவரிக்கே ஆர்டர். மண்டபத்தில் ஃபிரிட்ஜை நிறுத்தி நாலு பேருக்குக் காட்டித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, அந்த ஒரு நாள் பெருமைக்காக இரண்டு தடவை ஏற்றி இறக்கினால் அடிபடுவது பொருள் தான். பிரித்துப் பார்த்துப் பெறும் வசதி இருந்தால் அதைத் தேர்வு செய்யுங்கள். ஓடிபி சொல்வதற்கு முன்பு பெட்டியின் நாலு பக்கத்தையும் வீடியோ எடுங்கள், அடி தெரிந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். பொருத்திக் கொடுக்க வரும் கம்பெனி ஆளை அன்றைக்கே பதிவு செய்து, மாற்றும் கெடு முடிவதற்குள் வரவழைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் உடனே சுவிட்ச் போடாமல் சில மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள், கம்ப்ரஸர் எண்ணெய் இறங்க வேண்டும். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் என்றால் பின்னால் டிரம்மைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றாமல் ஓட்டவே கூடாது. அதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் என்ன தண்ணீர் என்று கேளுங்கள், போர் தண்ணீர் உப்பாக இருந்தால், குழாயில் வேகம் இல்லாமல் இருந்தால், எந்த மெஷின் என்பதே மாறும். இதைக் கடைக்காரரிடம் கேட்டால் சொல்வார், ஆன்லைன் பக்கம் கேட்காது.

வாட்ஸ்அப்பில் வரும் 80 சதவீதத் தள்ளுபடி லிங்க் எதையும் தொடாதீர்கள், கூகுளில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் நம்பருக்குக் கூப்பிடாதீர்கள், செயலிக்குள்ளேயே இருக்கும் உதவிப் பக்கம் மட்டும். மோசடியில் பணம் போய்விட்டால் யோசிக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். பொருள் சம்பந்தமான புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

எங்கே வாங்கினாலும் பில்லை மகள் பெயரில் போடுங்கள், ஆதாரில் இருக்கிறபடி. நாளைக்கு ஏதாவது என்றால் ஆரணியில் இருக்கும் மகளே திருவண்ணாமலை மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம், நீங்கள் அலைய வேண்டாம். அதைவிடப் பெரிய காரணம், இந்தப் பொருள் அவளுடையது என்பதற்கு அந்தப் பில் சாட்சி. மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக் கொடுத்தால் அது 1961ஆம் ஆண்டு சட்டப்படி வரதட்சணை, குற்றம். நீங்களாக மனமுவந்து மகளுக்குக் கொடுப்பது அன்பளிப்பு, அதற்கும் ஒரு பட்டியல் எழுதி, மதிப்பு போட்டு, மணமகனும் மணமகளும் கையெழுத்திட வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நல்ல சம்பந்தம் என்றாலும் அந்தப் பட்டியலை எழுதி வையுங்கள்.

கடைக்குப் போகும்போது அந்த மிக்ஸியையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். புதுச் சாமான் பேச்சை ஆரம்பிப்பதற்கு முன்னால் அதை மேசை மேல் வையுங்கள். துண்டுச்சீட்டில் தேதியும் அவர் கையெழுத்தும் இருந்தால் அது ஆதாரம், போனில் பணம் அனுப்பியிருந்தால் அதுவும் ஆதாரம் தான், வாங்கி 2 வருஷத்துக்குள் இருப்பதால் புகார் தரக் காலமும் இருக்கிறது, ஆனால் அந்த அளவுக்குப் போகாது என்று நினைக்கிறேன். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அவர் சரிப்பட்டு வரவில்லை என்றால் சீட்டை எடுத்துக்கொண்டு வேலூருக்கு வாருங்கள், மனு எழுத அரை மணி நேரம் போதும், அதற்குக் காசு வேண்டாம்.